ஐந்தாவது குரல்

"ஒரு நண்பனை எப்படிம்மா மறக்கிறது?"

பஸ் பிடித்து மலையேறி வந்த செங்கோடன் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவருக்கு அறுபத்திரண்டு வயது. குரு வடிவாம்பாளுக்கு முப்பத்தைந்துதான்.

குடிசை வாசலில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே இருப்பவர் முகமே பாதிதான் தெரிந்தது.

"யாருங்கய்யா அந்த நண்பர்?"

"தவசிமுத்து. நாங்க அஞ்சு பேர், அஞ்சு ஊர்ல இருக்கோம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இன்டர்நெட்ல கூடிப் பேசுவோம். அதுக்கு வழி பண்ணினதே நான்தான்."

"என்ன வழி?"

செங்கோடன் முகம் மலர்ந்துவிட்டது. எவ்வளவு துக்கமிருந்தாலும், தன் கைவேலையைப் பற்றிக் கேட்டால் மனுசன் சும்மா இருப்பானா?

"நடுவுல கம்பெனி கிடையாது, தலைவர் கிடையாது. ஒவ்வொருத்தர் கம்ப்யூட்டரும் மத்த நாலு பேரோட நேராப் பேசும். ஒருத்தர் விலகிட்டா அதைச் சொல்லவும் ஆள் கிடையாது. குரல் வரலேன்னா அவங்கவங்களே தங்க கம்ப்யூட்டர் பட்டியல்லேருந்து பேரை அடிச்சுக்க வேண்டியதுதான்."

"அடிச்சிட்டீங்களா?"

"இருபது நாளா அவன் குரல் இல்லைம்மா. கடைசியாப் பேசினப்போ நான் கொஞ்சம் சுடுசொல் சொல்லிட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். போன் பண்ண எனக்கு மானம் விடலை. நேத்து பேரை அடிச்சேன். அப்போலேருந்து சோறு இறங்கலை."

வடிவாம்பாள் அடுப்பில் கஞ்சியைக் கிண்டினாள்.

"மத்த மூணு பேரும் எப்படி இருக்காங்க?"

"அது வேற கவலை. வயசாயிடுச்சு போல. பேச்சு நடுவுல திடீர்னு சும்மா இருக்காங்க. அப்புறம் ஆமாமாங்கிறாங்க. ஒண்ணுமே இல்லாததுக்குச் சிரிக்கிறாங்க."

கரண்டி நின்றது.

"இன்னிக்குச் சிரிச்சாங்கன்னா, யாரோடன்னு கேளுங்க."

"இதுதான் உபதேசமா?"

"கஞ்சி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்மா."

ஆறு மணிக்குச் செங்கோடன் லேப்டாப்பைத் திறந்தார். பனி குடிசைக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. மூன்று குரல்களும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல வந்தன. தூத்துக்குடி அமலோற்பவம் தன் ஊர் மழையைப் பற்றிச் சொன்னாள். பிறகு எல்லோரும் மௌனமானார்கள். கூரையிலிருந்து பனி சொட்டுவது கேட்டது.

திடீரென்று மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"அமலா, யாரோட சிரிக்கிறே?"



"ஏன், தவசி சொன்னதுக்குத்தான். உனக்குக் கேக்கலையா?"

தவசி எங்கேயும் போகவில்லை, அவன் கம்ப்யூட்டருக்கும் தன்னுடையதுக்கும் நடுவிலிருந்த இணைப்பு மட்டும்தான் அறுந்திருக்கிறது என்று செங்கோடனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீ அவன்கூடப் பேசறதில்லைன்னு நாங்களும் உன் முன்னாடி அவன் பேரை எடுக்கலை" என்றாள் அமலோற்பவம். "பாவம், தினமும் உன்கிட்ட ஒரே கேள்விதான் கேக்கிறான். நீ பதிலே சொல்றதில்லை. பதில் வரும்னு அவனும் காத்துக்கிட்டே இருக்கான். இப்பக்கூடக் கேட்டான்."

"என்ன கேட்டான்?"

"சாப்பிட்டியான்னு."

செங்கோடன் அழுதார். அறுபத்திரண்டு வயது மனுசன், குருவுக்கு முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார்.

வடிவாம்பாள் கஞ்சிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் அதைக் கையில் எடுத்தார்.

"அமலா, இப்பத்தான் சாப்பிடப் போறேன்னு அவன்கிட்டச் சொல்லு."