படியேறிய அதிகாரி

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் இசக்கியம்மாள் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தாள். நோயையும் ஆபரேஷனையும் 'கோடு' என்ற எண்களாக்கி இன்சூரன்ஸுக்கு அனுப்புவதுதான் அந்த வேலை.

அங்கே சேர்ந்திருந்த மரியபுஷ்பம் டீச்சருக்கு எடை குறைய இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன். படுத்தால் மூச்சடைக்கும், சர்க்கரை வேறு. இசக்கி அதற்கு நோய்க் கோடு போட்டு அனுப்பியிருந்தாள். அதைக் கேட்க இன்சூரன்ஸ் அதிகாரி தணிகாசலம் நேரிலேயே வந்துவிட்டார். வயிறு முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார்.

"இதெல்லாம் நோயாம்மா? அழகுக்குப் பண்ணிக்கிறது. அழகுக் கோடா மாத்து. தினமும் படி ஏறி இறங்கினா தானா இளைக்கும்."

மாற்றினால் பணம் வராது, ஆபரேஷன் நின்றுவிடும்.

"மாத்திருதேன் சார். டீச்சர் மூணாம் மாடியில இருக்காங்க. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க."

அவர் லிஃப்ட் பக்கம் திரும்பினார்.

"லிஃப்ட் எதுக்கு சார்? படிதான் நல்லதுன்னு இப்பதானே சொன்னீங்க."

அங்கிருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் மறுக்க முடியவில்லை. முதல் மாடியில் சட்டை நனைந்தது. இரண்டாம் மாடியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆண்டவன் யாருக்கும் அந்த இளைப்பைக் கொடுக்க வேண்டாம்.

"மூச்சு முட்டுதும்மா... டாக்டரைக் கூப்பிடு."

டாக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, தண்ணீர் கொடுத்து விசிறிக்கொண்டே இசக்கி பணிவாகக் கேட்டாள்: "உங்களுக்கு எந்தக் கோடு போட, சார்? அழகா, நோயா?"

"நோய்தாம்மா."

"அப்போ டீச்சருக்குப் போட்டது அப்படியே இருக்கட்டுமா?"

அவர் தலையாட்டினார்.

மறுநாள் டீச்சருக்கு ஆபரேஷன் நடந்தது. அதிகாரி படியேறிய அன்றைக்கு லிஃப்டில்தான் இறங்கினார். பட்டனை இசக்கியே அழுத்திவிட்டாள்.