றெஜினாவிடம் கொடுத்துவைத்த ‘வுய்’

“எனக்கு இந்தப் பாஷை ஏறாது பிள்ளை. செத்தாலும் ஏறாது.”

சலூனுக்குள் வந்ததும் வராததுமாகத் திலகமலர் இப்படிச் சொன்னாள். கையில் பை. பைக்குள் மூன்று பிரெஞ்சுப் புத்தகங்கள். மூன்றும் மூலை மடிந்து, பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு வாங்கி, பாவம், படித்தே தேய்ந்துபோனவை.

சலூன் பாரிஸுக்கு வெளியே ஒரு சின்னத் தெருவில். அங்கே முடி வெட்டுகிறவள் றெஜினா. பிரெஞ்சைப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அல்ல; பன்னிரண்டு வருடம் பிரெஞ்சுக்காரிகளின் தலைக்குப் பின்னால் நின்று படித்தவள். வயது முப்பத்தொன்று. அவளிடம் பிரெஞ்சு படிக்க வந்திருக்கும் திலகமலருக்கு ஐம்பத்துநாலு.

குருவைவிடச் சீடப்பிள்ளைக்கு வயது கூடத்தான். அதுக்கென்ன, தேவை வந்தால் வயதா பார்ப்பது?

“என்ன அன்ரி ஏறேல்லை?”

“வாசிச்சா எல்லாம் விளங்குது. அவையள் வாயைத் துறந்தா ஒரு கோதாரியும் விளங்கேல்லை. புத்தகத்திலை நாலு சொல்லு, வாயிலை ஒண்டரைச் சொல்லு. மிச்சத்தை முழுங்கிப்போடுதுகள்.”

“ஓம், முழுங்குவினம்.”

“ஏன் முழுங்குதுகள்?”

“நீங்கள் முழுங்கிறேல்லையோ?”

“பகிடி விடாதை பிள்ளை.”

திலகமலர் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

விஷயம் இதுதான். அவளுடைய கணவர் சபாநாதனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் நாலு வருடம். கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினில் இரத்தம் சுத்தப்படுத்துகிறார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார். கிடைத்தால் ஃபோன் வரும். மனுசனுக்குக் காது மந்தம். இரண்டு மாதத்துக்கு முன்புவரை எல்லா ஃபோனையும் எடுத்தவள் மகள் துஷாரா. அவளுக்கு இப்போது லியோனில் வேலை. வேலை நேரத்தில் ஃபோனை அலுமாரியில் பூட்டிவைக்க வேண்டுமாம்.

ஆகவே, ஆஸ்பத்திரியில் இப்போது கொடுத்திருப்பது திலகமலரின் எண்.

“அந்தக் கோல் வந்து எனக்கு விளங்காமல் போனால்? அடுத்த ஆளுக்குக் குடுத்திடுவினம் பிள்ளை. இவர் நாலு வருசமாக் காத்துக்கொண்டிருக்கிறார்.”

றெஜினா முடி காய வைக்கும் மெஷினை எடுத்தாள். உச்ச வேகத்தில் போட்டாள். கடை அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்குள்ளே நின்று தமிழில் ஏதோ கேட்டாள்.

“சந்தையிலைதான்! பன்னிரண்டு யூரோ!” என்று திலகமலர் கத்தினாள்.

றெஜினா மெஷினை நிறுத்தினாள்.

“நான் என்ன கேட்டனான்?”

“இந்தச் செருப்பு எங்கை வாங்கினது, என்ன விலை எண்டு.”

“சொல்லுக்குச் சொல்லு சொல்லுங்கோ.”

திலகமலர் மெஷினைக் கையால் காட்டினாள்.

“உந்த இரைச்சலுக்குள்ளை பாதி கேக்கேல்லையே.”

“பாதி கேக்காமல் என்னெண்டு பதில் சொன்னனீங்கள்?”

“நீ என்ரை காலைப் பாத்தாய். பிறகு வேறை என்னத்தைக் கேப்பாய்?”

“அன்ரிக்குத் தமிழ் நல்லா விளங்குது” என்றாள் றெஜினா.

திலகமலருக்குக் கோபம் ஏறிவிட்டது. அழ வந்த இடத்தில் நக்கலா? எழும்பிப் போக நினைத்தபோது ஒரு பிரெஞ்சுக் கிழவி உள்ளே வந்தாள். வாசலில் நின்றபடி திலகமலரிடம் என்னவோ கேட்டாள்.

“வுய், வுய்” என்றாள் திலகமலர். பிரெஞ்சில் ‘ஆம்’ என்று அர்த்தம். பெரிய சிரிப்பு ஒன்றும் கூடவே கொடுத்தாள்.

கிழவி அசையவில்லை. கதவைப் பிடித்தபடி திலகமலரையே பார்த்தாள்.

“அவ என்ன கேட்டவ, அன்ரி?”

“ஆருக்குத் தெரியும்?”

“‘கதவைச் சாத்தவோ, துறந்து விடவோ’ எண்டு கேட்டவ.”

றெஜினா கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

“விளங்காமல் ஏன் வுய்?”

“ஒரு மரியாதைக்குத்தான். விளங்கேல்லை எண்டு சொன்னா ஒரு மாதிரிப் பாப்பினம்.”

மரியாதைக்கு! போன வருடம் பக்கத்து வீட்டுக்காரிக்கு மரியாதைக்கு ஒரு வுய் சொல்லி, அன்று பின்னேரமே அவளுடைய பூனை கூடையோடு வந்து இறங்கி, பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போனது. போன மாதம் ஆஸ்பத்திரிக்காரர் மெஷின் நேரத்தை மாற்ற ஃபோன் எடுத்தார்கள். அவர்களுக்கும் ஒரு வுய். சபாநாதன் பழைய நேரத்துக்குப் போய் மூன்று மணித்தியாலம் குந்தியிருந்தார். திலகமலர் இதையெல்லாம் தன் வாயாலேயே சொன்னாள். சொல்லும்போது குரல் இறங்கிக்கொண்டே போனது.

றெஜினா உள்ளங்கையை நீட்டினாள்.

“தாங்கோ.”

“என்னத்தை?”

“உங்கடை வுய்யை. கொஞ்ச நாளைக்கு என்னட்டை இருக்கட்டும்.”

“அது இல்லாமல் நான் என்னெண்டு கதைக்கிறது?”

“விளங்கினதைத் திருப்பிச் சொல்லுங்கோ.”

“விளங்காட்டி?”

“விளங்கின மட்டும்.”

திலகமலர் சுற்றுமுற்றும் பார்த்தாள். கிழவி கண்ணாடிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. வெறும் விரல்களைக் கூட்டி றெஜினாவின் கையில் வைத்தாள். றெஜினா கையை மூடி, ஏப்ரன் பைக்குள் விட்டாள்.

அடுத்த நாள் பாண் வாங்கப் போன பேக்கரியில் பெட்டை ஒருத்தி படபடவென்று ஏதோ கேட்டாள். வுய் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டு, திலகமலர் பிடிபட்ட ஒரே சொல்லைச் சொன்னாள்.

“வெட்டி?”

“ஆம் மதாம், பாணை வெட்டித் தரட்டுமா?”

அட! முழுங்கினதை வெளியே எடுக்கிறார்கள்!

எல்லாரும் எடுக்கவில்லை. தபால் கந்தோரில் ஒருவன் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். பஸ்ஸில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சனிக்கிழமையே திலகமலர் சலூனில் வந்து நின்றாள்.

“தா பிள்ளை அதை. மானம் போகுது.”

“தரமாட்டன்.”

“பிரெஞ்சு படிப்பிக்கச் சொன்னா நீ ஒரு சொல்லும் படிப்பிக்கேல்லை. இருந்ததையும் பறிச்சுப்போட்டாய்.”

“ஓம்” என்றாள் றெஜினா. கத்திரிக்கோலைக் கழுவப் போய்விட்டாள்.

நாலாவது கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தரை மணி. திலகமலர் அடுப்படியில் லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். ஃபோன் அடித்தது. தெரியாத எண்.

ஒரு பெண் குரல். காற்றாய்ப் பறக்கும் பிரெஞ்சு, பாதிச் சொற்கள் தொண்டைக்குள்ளேயே. திலகமலரின் வாய் தானாகவே ‘வு’ என்று குவிந்தது.

அது இங்கே இல்லையே. றெஜினாவின் ஏப்ரன் பைக்குள் அல்லவா கிடக்கிறது.

“நொன்” என்றாள். இல்லை. இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருடத்தில் ஃபோனில் சொன்ன முதல் ‘இல்லை’.

குரல் நின்றது.

“நான் சொல்கிறேன், மதாம். நீங்கள் கேளுங்கள்” என்றாள் தன் உடைந்த பிரெஞ்சில். “ஆஸ்பத்திரி. என் கணவர். சிறுநீரகம். இன்றைக்கு.”

“அதேதான், மதாம்! இன்றைக்கு.” குரல் மெதுவாகியிருந்தது. அடுத்ததைச் சொன்னது.

“பன்னிரண்டு மணிக்கு?”

“பன்னிரண்டுக்கு முன்னால்.”

அடுத்தது. அதில் ஒரு சொல்தான் பிடிபட்டது.

“சாப்பிட்டு வர வேண்டும்?”

“ஐயோ, கூடாது! சாப்பிடவும் கூடாது, குடிக்கவும் கூடாது!”

திலகமலர் திரும்பிப் பார்த்தாள். சபாநாதன் மேசையில் இருந்து பாண் துண்டை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். ஒரே பாய்ச்சல். பாண் கோப்பையோடு பறந்தது.

“என்னடியப்பா!” என்றார் மனுசன்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஃபோனில் எந்த மாடி என்றும் கேட்டுக்கொண்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். இன்றைக்கு. பன்னிரண்டுக்கு முன்னால். வெறும் வயிறு. மூன்றாம் மாடி.

“எல்லாம் விளங்கியதா, மதாம்?”

திலகமலர் மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னாள்.

டாக்ஸியில் சபாநாதன் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். “உனக்குச் சரியா விளங்கினதோ?” என்று மூன்றாம் தரம் கேட்டார். அவள் அழுதாள், சிரித்தாள், அவருடைய காதுக்குள் “ஓமப்பா, ஓம்” என்று கத்தினாள். டாக்ஸிக்காரன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டுமே.

பிறகு ஃபோனை எடுத்தாள். அந்தப் பக்கம் சலூனில் முடி காய வைக்கும் மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

“பிள்ளை, கோல் வந்திட்டுது. போய்க்கொண்டிருக்கிறம்” என்றாள். “உன்னைக் கேக்காமல் உன்ரை பைக்குள்ளை கைவிட்டிட்டன்.”

மெஷின் நின்றது.

“எத்தினை எடுத்தனீங்கள், அன்ரி?”

“ஒண்டே ஒண்டுதான்.”