மிளகி முகர்ந்த சட்டை

யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்காத கதை இது. அப்படியிருந்தும் இதில் ஆறாத வருத்தம் ஒன்று மிஞ்சியது. யார் செய்தது சரி என்று கடைசியில் கேட்பேன். அதுவரை பொறுமையாகக் கேளுங்கள்.

போடிக்கு மேலே, வண்டிப்பாதை இல்லாத ஒரு மலையூரில் வீரணனும் அவன் மனைவி முத்துராக்கும் இருந்தார்கள். பிள்ளை இல்லை. கழுதைக்கும் மட்டக்குதிரைக்கும் பிறந்த குட்டையான கோவேறு கழுதை ஒன்றை வளர்த்தார்கள். முழுதாக வளர்ந்தும் அது வீரணனின் இடுப்பைத் தாண்டவில்லை. நிறத்தைப் பார்த்து மிளகி என்று பெயர் வைத்தார்கள். மற்றவர்களின் குதிரைகள் சுமப்பதில் பாதியைத்தான் அதனால் சுமக்க முடியும். "இதுக்குப் போடுற தீனிக்கு ரெண்டு ஆடு வளர்க்கலாம்" என்று ஊர் சிரித்தது.

போதாததற்கு, நடுப்பாதையில் நின்றுவிடும். ஆரம்பத்தில் முத்துராக்கு விளாரை எடுத்து அடித்திருக்கிறாள். வீரணன்தான் தடுத்தான்.

"அது முரண்டு பிடிக்கல ராக்கு. குதிரை பயந்தா ஓடிரும். இது நின்னு பார்க்கும். மோந்து பார்த்து மனசு தெளிஞ்சாத்தான் கால் எடுக்கும். நாமதான் பொறுக்கணும்."

புதுச் சாக்கைக்கூட அதன் மூக்கருகே பிடித்துக் காட்டிவிட்டுத்தான் முதுகில் போடுவான். நாளடைவில் அது கயிறில்லாமலே அவன் பின்னால் நடந்தது.

ஐப்பசி மழையில் மிளகியின் குளம்பில் கல் குத்திவிட்டது. வீரணன் அதை வீட்டில் விட்டுவிட்டு, ஏலக்காய் மூட்டையைத் தானே சுமந்துகொண்டு இறங்கினான். அடிவாரத்துக்குச் சற்று மேலே மண் சரிந்து, பாறை அவன்மேல் உருண்டது.

அடிவாரத்தில் குடியிருந்த முத்துராக்கின் அண்ணன் ஒச்சப்பன்தான் உடலை எடுத்தார். பாதை அறுந்துகிடந்ததால் முத்துராக்கு காட்டைச் சுற்றிக்கொண்டு மறுநாள்தான் வந்து சேர்ந்தாள். அதற்குள் புதைத்தாகிவிட்டது.

"நான் வர்றதுக்குள்ள ஏண்ணே மூடுனீங்க?"

"பார்க்குறதுக்கு முகம்னு ஒண்ணு இல்ல தாயி. பார்த்திருந்தா ஆயுசுக்கும் தூங்கமாட்ட."

அவள் அழவில்லை. ஊர் திரும்பினாள். அங்கே வீரணன் ஏறிவரும் வளைவில் மிளகி நின்றுகொண்டிருந்தது. புல்லைப் போட்டாள், தொடவில்லை. உப்பைக் காட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் கொடியில் கிடந்த வீரணனின் துவைக்காத சட்டையைச் சேலைமேல் போட்டுக்கொண்டு போனாள். மிளகி அந்தச் சட்டைக்குள் மூக்கை நுழைத்து வெகுநேரம் முகர்ந்தது. பிறகு தின்றது.

தினமும் அப்படியே செய்தாள். பார்க்க வந்த ஒச்சப்பன் பதறிப்போனார்.

"செத்தவன் சட்டைய எரிச்சிரு. வாயில்லா சீவனை ஏமாத்தாத."

"பொழைக்கட்டும்னுதான்ணே."

தின்று முடித்ததும் மிளகி வளைவுக்குப் போய்விடும். சட்டையோடு அவளும் போய் நிற்பாள். ஊர் இருவருக்கும் வழிவிட்டுக் கடந்துபோனது.

சட்டையில் நாள்பட அவன் வாசம் போய் அவள் வாசம் ஏறியது. ஒருநாள் மிளகி முகர்ந்துவிட்டு விலகிப்போனது. அதன்பின் எதையும் தொடவில்லை. விலா எலும்பு தெரிந்தது.

அதை வீரணனின் குழிமேட்டுக்கு அழைத்துப்போக முத்துராக்கு முடிவு செய்தாள். மறுபடி பார்க்க வந்திருந்த ஒச்சப்பன் மறித்தார்: "இது இருக்கிற இருப்புக்கு இறங்குனா ஏறாது. கொன்னுராத." அவள் கேட்கவில்லை. மண் சரிந்த இடத்தில் மிளகி நின்றது. அவள் ஈரத்திலேயே உட்கார்ந்தாள். அது தானாகக் கால் எடுக்கும்வரை காத்திருந்தாள்.

குழிமேட்டில் மிளகி மண்ணைக் குளம்பால் கீறியது. மூக்கை அழுத்தியது. குதிரைக் கனைப்பாகத் தொடங்கிக் கழுதைக் கத்தலாக முடியும் அதன் குரல் அடிவாரத்து ஆற்றின் அக்கரைவரை கேட்டது. அப்போதுதான் முத்துராக்கு மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்து, பக்கத்தில் இருந்த புல்லைப் பிடுங்கி நீட்டினாள். வீரணனின் சட்டை இல்லாமலே அவள் கையிலிருந்து மிளகி தின்றது.

திரும்பும்போது பாதி ஏற்றத்தில் படுத்தது. எழுந்திருக்கவில்லை.

"நீ கூட்டிட்டுப் போகலைன்னா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும்" என்றார் சேதி கேட்டு ஏறிவந்த ஒச்சப்பன்.

"நீங்க காட்டாமப் புதைச்சதால நான் நல்லாவா இருந்தேன்?" என்றாள் அவள்.

தங்கைக்கு முகத்தை மறைத்தார் அண்ணன். மிளகிக்குச் சாவை மறைத்தாள் தங்கை; பிறகு உயிர் போகலாம் என்று தெரிந்தே அதைக் காட்டினாள். இந்த மூன்றில் எது சரி?

விடை: மறைத்த இரண்டும் ஒன்றே. இரண்டும் இரக்கம்தான்; ஆனால் இன்னொரு உயிர் எவ்வளவு தாங்கும் என்பதைத் தானே முடிவுகட்டிய இரக்கம். ஆகவே அண்ணனைக் குறைசொல்ல முத்துராக்குக்கு வாயில்லை. காட்டியதே சரி. அது மிளகியைக் காப்பாற்றவில்லை. ஆனால் காத்திருப்பதிலிருந்து விடுவித்தது. ஒச்சப்பன் இந்த விடையை இன்றுவரை ஏற்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பதையும் சேர்த்தே நாம் யோசிக்க வேண்டும்.