கோடு போட்ட வரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சிரிக்கிற கதை இல்லை. விடை தெரிந்ததும் உங்களுக்குக் கைதட்டத் தோன்றாது. ஆனாலும் புதிர் என்று வந்துவிட்டால் அவிழ்க்கத்தானே வேண்டும்? காதைக் கொடுத்துக் கேளுங்கள். நடுவில் வரும் எதையும் வீண் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. அங்கே தமிழ் டீச்சர் சகாயராணி. அர்த்தங்களை மனப்பாடம் செய்யவைப்பது அவருக்கு அறவே ஆகாது. பிள்ளைகள் கையில் ஒரு பத்தியைக் கொடுப்பார். அதில் தெரியாத சொல் ஒன்று இருக்கும். வாசித்துப் பார்த்துப் பொருளை எழுத வேண்டும். அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த வரியின் கீழே கோடும் போட வேண்டும். "முன்னாடியே தெரிஞ்ச சொல்லுக்கு எங்கிட்ட மார்க் கிடையாது. வாசிச்சுக் கண்டுபிடிச்சாத்தான் மார்க்" என்பார். விதி அவரே போட்டது. பிறகு அதுவே அவர் கழுத்தைப் பிடிக்கப்போகிறது.

அந்த வருஷம் ஒரு அறக்கட்டளை, எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே ஒரு பிள்ளையை மதுரையில் தன் விடுதியில் தங்கவைத்துப் பன்னிரண்டாவது வரை படிக்கவைக்க முன்வந்தது. பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது பள்ளியின் பொறுப்பு. சகாயராணி கேள்வித்தாளை எழுதி, அச்சுக்கும் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த எட்டாம் வகுப்பில் படித்த கனிஷ்காவின் அப்பா இறந்துபோனார். லாரி ஓட்டியவர். போன ஊரில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வண்டியில் வந்தார், வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தார், ஊராட்சி வண்டியில் சுடுகாட்டுக்குப் போனார். யாரும் மூங்கில் வெட்டவில்லை, யாரும் தோளில் தூக்கவும் இல்லை. பெண்பிள்ளை இதற்கு மேல் வரக்கூடாது என்று கடைத்தெரு முனையில் கனிஷ்காவை நிறுத்திவிட்டார்கள். வண்டி போகப் போக, இரண்டு பக்கமும் கடைகளின் ஷட்டர்கள் பாதி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள்.

அழவில்லை. காரியம் முடிந்ததும் பள்ளிக்கு வந்தாள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால், "ம்." சத்துணவுத் தட்டில் சோறு அப்படியே இருக்கும். "ராத்திரி தூங்குனியா?" "ம்." கண் இரண்டும் சிவந்திருக்கும். யார் எதைக் கேட்டாலும் அதே "ம்"தான். பாவம், மரத்துப்போயிருந்தாள். அவள் அம்மா பிழைப்புக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. விடுதியில் இடம் கிடைத்தால் கனிஷ்கா படிப்பாள். கிடைக்காவிட்டால் அம்மாவோடு போய்ப் பனியனுக்குப் பிசிறு வெட்டுவாள். அவ்வளவுதான் அவள் முன்னால் இருந்தது.

தேர்வு நடந்தது. மூன்று பேர் சமமாக முன்னால் நின்றார்கள். அவர்களைப் பிரிக்க மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல்: கால்கழி கட்டில். ரொம்பப் பழைய சொல். அந்த ஊரில் யார் வாயிலும் வராதது. பத்தி இப்படி இருந்தது:

"மூங்கில் வெட்டி வந்து கால்கழி கட்டிலைக் கட்டினார்கள். அதைப் பூமாலைகளால் சுற்றினார்கள். நான்கு பேர் தோளில் தூக்கினார்கள். மேளம் முன்னால் போனது. கடைத்தெருவில் ஷட்டர்கள் பாதி இறங்கின."

நித்திக் 'பல்லக்கு' என்று எழுதி, நான்கு பேர் தூக்கிய வரிக்குக் கோடு போட்டிருந்தான். ரோஷன் 'பாடை' என்று எழுதியிருந்தான். எந்த வரிக்கும் கோடு இல்லை. ஏன்டா என்று கேட்டதற்கு, "டியூஷன்ல சொல்லிக்குடுத்தாங்க டீச்சர்" என்று மறைக்காமல் சொல்லிவிட்டான். கனிஷ்கா 'செத்தவங்களத் தூக்கிட்டுப் போறது' என்று எழுதி, ஷட்டர் வரிக்குக் கோடு போட்டிருந்தாள்.

தலைமையாசிரியர் கதிரேசன் நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். கனிஷ்காவை அறைக்குக் கூப்பிட்டார்.

"இந்தச் சொல்லு உனக்கு முன்னாடியே தெரியும், இல்லம்மா? வீட்ல நடந்ததுதானே?"

"ம்."

அவளை அனுப்பிவிட்டுச் சகாயராணி பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா டீச்சர்? ரோஷனுக்கு டியூஷன்ல தெரிஞ்சுது, இவளுக்கு வீட்ல தெரிஞ்சுது. ரெண்டும் ஒண்ணுதான். உங்க விதிப்படி ரெண்டு பேருக்குமே மார்க் கிடையாது. நித்திக் தப்பா எழுதியிருந்தாலும் வாசிச்சு எழுதியிருக்கான். இடம் அவனுக்குத்தான். எனக்கு மட்டும் அந்தப் பிள்ளைமேல இரக்கம் இல்லையா? அதுக்காக மார்க் போட முடியுமா?"

"இரக்கமே வேண்டாம் சார். என் விதியை அப்படியே வச்சுக்கிட்டே சொல்றேன், இடம் கனிஷ்காவுக்குத்தான்" என்றார் சகாயராணி.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன், ஒன்றையும் ஒளிக்கவில்லை. இனி நீங்கள் சொல்லுங்கள். டீச்சரின் விதியிலிருந்து இம்மியும் பிசகக்கூடாது. தலைமையாசிரியர், டீச்சர் இந்த இரண்டு பேரில் யார் சொன்னது சரி? அந்த இடம் யாருக்கு?

விடை: கனிஷ்காவுக்குத்தான். அவள் அப்பா போனது வண்டியில். கால்கழி கட்டில் என்றால் பாடை; அதை அவள் கண்டதும் இல்லை, அந்தப் பேரைக் கேட்டதும் இல்லை. சாவு வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சொல் தெரியாது. பல்லக்கு போனால் எந்தக் கடைக்காரரும் ஷட்டரை இறக்கமாட்டார். பொருளைக் காட்டிக்கொடுத்த வரி அது ஒன்றுதான், அதற்குக் கோடு போட்டவளும் அவள் ஒருத்திதான். தலைமையாசிரியர் கேட்டதற்கு "ம்" என்றாளே என்கிறீர்களா? சாப்பிட்டியா என்றதற்கும் அதையேதான் சொன்னாள். டீச்சர் இதையெல்லாம் எடுத்துச் சொன்னதும் கதிரேசன் சாரும் ஒத்துக்கொண்டார். "இடம் உனக்குத்தாம்மா" என்று டீச்சர் போய்ச் சொன்னபோதும் கனிஷ்கா "ம்" என்றாள். பிறகு, அப்பா போனதிலிருந்து முதல் தடவையாக, தானாக வாயைத் திறந்தாள். "டீச்சர், அதுல செத்தது யாருன்னு எந்த வரி சொல்லுது? நான் தேடித் தேடிப் பாத்தேன், இல்லையே." அதைக் கேட்டு டீச்சருக்குத்தான் அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.