எரித்துக் காப்பாற்றிய மயில் நோட்டு

வெள்ளந்திப்பட்டிக்காரர்களைப் போலச் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள் எங்கேயும் கிடையாது. சொன்னதைச் செய்வார்கள், சொன்னபடியே செய்வார்கள், வம்பே அதில்தான். "கொஞ்சம் வாசலைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனால் வாசலைத்தான் பார்ப்பார்கள். கொல்லைப்பக்கமாக ஒருவன் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனாலும் திரும்பமாட்டார்கள்.

அந்த ஊரில் ஏகாம்பரத்துக்குப் பழைய நோட்டு சேர்ப்பதில் கொள்ளை ஆசை. ஒரு தகரப்பெட்டி நிறைய வைத்திருந்தார். அதில் அவருக்கு உயிர் என்றால், ரங்கூனிலிருந்து திரும்பிய மாமா கொடுத்த மயில் படம் போட்ட பர்மா நோட்டுதான். தினமும் பெட்டியைத் திறந்து, "சௌக்கியமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பல் துலக்கப் போவார்.

அவர் மனைவி கனகவல்லி ஒருநாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, காகிதத்துக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி? டவுன் கண்காட்சியில இந்தத் தடவையாவது பரிசு வாங்குங்க. இல்லேன்னா பெட்டி எனக்கு. மோர்மிளகாய் போட்டு வச்சுக்கறேன்."

ஏகாம்பரம் பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மயிலை மிளகாயோடு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

போதாக்குறைக்குக் கனகவல்லியின் அண்ணன் குஞ்சிதபாதமும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார். அவர் சேர்ப்பது நாணயம். மச்சானும் மாப்பிள்ளையும் சந்தித்தால் அதே சண்டைதான்.

"மாப்பிள்ளை, காசு கீழே விழுந்தா 'ணங்'குன்னு கூப்பிடும். உங்க நோட்டு விழுந்தா வாயைத் திறக்குமா?"

"கூப்பாடு போடறது ஒரு பெருமையா மச்சான்? என் நோட்டுல பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கார். உங்க காசுல யாராவது ஒரு கைநாட்டாவது வச்சிருக்காங்களா?"

"கையெழுத்தைக் கரையான் தின்னுடும். காசு நெருப்புல போட்டாலும் இருக்கும், தண்ணியில போட்டாலும் இருக்கும்!"

சேகரிப்போர் சங்கத் தலைவர் தெய்வசிகாமணி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தலையாட்டுவார். சங்கத்தில் மொத்தமே மூன்று பேர் என்பதால் அவருக்கு வேறு வேலை இல்லை.

இப்படி இருக்கையில் கண்காட்சிக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை நடுவர் நேரில் வருவார், மூன்று விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"ஒன்று. பொருளைக் கையால் தொடக்கூடாது."

அன்று மாலை கனகவல்லி வீட்டுக்குள் வந்தபோது, ஏகாம்பரம் மல்லாந்து படுத்துக் கால் விரல்களால் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டிருந்தார். குஞ்சிதபாதமோ தன் வீட்டில் நாக்கை நீட்டி நாணயங்களை ஒவ்வொன்றாக ஒட்டி எடுத்தார். அதில் ஒரு அரையணா உள்ளே போய்விட்டது. "போகட்டும். இனிமே அதை எவன் கையும் தொடாது" என்று வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"இரண்டு. பொருளின் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும்."

ஏகாம்பரம் நிலைவாசலின் குறுக்கே கயிறு கட்டினார். அதில் நோட்டை மாட்டினால் திண்டாட்டமே இல்லை, உள்ளேயிருந்து ஒரு பக்கம், வெளியேயிருந்து மறுபக்கம். குஞ்சிதபாதம் முறத்தை எடுத்தார். நாணயங்களை அதில் கொட்டி, நெல் புடைக்கிற மாதிரி புடைத்தார். காசுகள் எகிறி எகிறி இரண்டு பக்கத்தையும் காட்டின, இரண்டு மூன்று அவர் நெற்றியிலும் காட்டின.

"மூன்று. எவ்வளவு அரிதோ, அவ்வளவு மதிப்பு. அதாவது, அது போல இன்னொன்று இருக்கக்கூடாது."

இந்த இடத்தில்தான் சிக்கல். ரங்கூன் மாமா ஓரவஞ்சனை இல்லாத மனிதர். குஞ்சிதபாதத்துக்கும் அதே போல ஒரு மயில் நோட்டு கொடுத்திருந்தார். குஞ்சிதபாதம் பெரிதாகப் பீற்றிக்கொள்கிற ஓட்டைக் காலணாவோ, அதே அச்சில் இன்னொன்று ஏகாம்பரத்தின் அரைஞாண் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மச்சான், நீங்க உங்க நோட்டை இல்லாம பண்ணிடுங்க" என்றார் ஏகாம்பரம். "நான் என் காசை இல்லாம பண்ணிடறேன்."

"நியாயம்தான். எரிச்சிடறேன்" என்றார் குஞ்சிதபாதம்.

நல்ல மனசுக்காரர்கள். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே மாதிரிதானா என்று முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்கள், காலால்தான். அச்சு அசல் ஒரே மாதிரி இருந்தது. பார்த்து முடித்தபோது எது யாருடையது என்று தெரியவில்லை.

"மயில் இருக்கறது என்னோடது" என்றார் குஞ்சிதபாதம். இரண்டிலும் மயில் இருந்தது.

ஏகாம்பரம் தலைவர் பக்கம் திரும்பினார். "தலைவரே, தப்பித்தவறி என்னோடதை எரிச்சிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

தெய்வசிகாமணி கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "பதறாதீங்க. ரெண்டையும் எரிச்சிடுவோம். அப்போ உங்க மச்சானோடது தப்பிக்க வழியே கிடையாது."

"அடேயப்பா!" என்று ஏகாம்பரம் அவர் காலில் விழப்போனார். சங்கத்துக்குத் தலைவர் என்றால் சும்மாவா?

இரண்டையும் கொளுத்தினார்கள். அதே முறையில் இரண்டு காலணாக்களையும் கிணற்றில் போட்டார்கள். ஏகாம்பரம் சாம்பலுக்குப் பக்கத்தில் குந்தி, "சௌக்கியமா?" என்று கேட்டார். தலைவர்தான் அவர் முதுகில் தட்டினார். "ஏகாம்பரம், உலகத்துல ஒண்ணே ஒண்ணு இருந்தாலே அரிது. ஒண்ணுகூட இல்லேன்னா? காசு கிணத்துக்குள்ள கிடக்கு. நோட்டு எங்கேயுமே இல்லை. அதனால காசைவிட நோட்டுதான் அரிது."

காசு நெருப்புக்கும் தண்ணீருக்கும் அசையாது என்று இத்தனை வருஷம் பெருமை பேசிய குஞ்சிதபாதம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை நடுவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். ஏகாம்பரம் அவரை நிலைவாசலுக்கு அழைத்துப்போய் வெறும் கயிற்றைக் காட்டினார்.

"நோட்டு எங்கே?"

"உலகத்துலேயே இல்லீங்க. அதுதான் விசேஷம்."

"நான் எதைப் பார்க்கறது?"

"இதைத்தாங்க. இனிமே யாரும் கையால தொட முடியாது. உங்க இடத்துல நின்னு பாருங்க, அந்தப் பக்கமும் தெரியுதா?"

நடுவர் பார்த்தார். அந்தப் பக்கம் கனகவல்லி மிளகாய் காயவைப்பது நன்றாகவே தெரிந்தது. மூன்று விதியில் எது தவறியது என்று கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அப்புறம் ஒரு சொம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "பரிசு ஒண்ணும் கிடையாது!" என்று கத்திக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

ஏகாம்பரத்தின் முகம் வாடியது. தலைவர் மட்டும் மலர்ந்து போனார். "என்னங்க முழிக்கிறீங்க? இல்லாத நோட்டுக்கு இல்லாத பரிசு! பொருத்தம் பார்த்துல்ல கொடுத்துட்டுப் போறார்!"

ஏகாம்பரம் துள்ளிக் குதித்தார். பரிசைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்து மூடினார். மிளகாய்த் தட்டோடு வந்த கனகவல்லியிடம், "பரிசு வந்தாச்சு! பெட்டிக்குள்ள மயில் நோட்டும் பரிசும் இருக்கு. ரெண்டுமே இல்லாதது, ஜாக்கிரதை" என்றார். மற்ற நோட்டுகளை எடுத்து ஓரமாக அடுக்கி அந்த இரண்டுக்குமென்று நல்ல இடமாக ஒதுக்கியிருந்தார்.

கனகவல்லியும் அந்த ஊர்ப் பெண்தானே. தட்டைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து, குனிந்து, அந்தக் காலி இடத்தை நிதானமாக உற்றுப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் நெற்றி சுருங்கியிருந்தது.

"ஏங்க, ரெண்டுன்னு சொன்னீங்க. இங்கே மூணு இல்லாம இருக்கே?"

ஏகாம்பரமும் குனிந்து பார்த்தார். சரிதான், மூன்று இல்லை.

"ஐயையோ, அது உங்க அண்ணனோட நோட்டு! அன்னைக்குச் சேர்த்து எரிச்சதுல இங்கே வந்துடுச்சு. அடுத்தவங்க பொருள் நமக்கு எதுக்கு? முதல்ல கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா."

கனகவல்லி பெட்டிக்குள்ளிருந்து அதை எடுத்து, வழியில் விழுந்துவிடாமல் முந்தானையில் இரண்டு முடிச்சாகப் போட்டுக்கொண்டு, அண்ணன் வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.