மூடாத சாம்பார்

அநியாயம் நடந்தது செங்கமலத்துக்கு. நியாயம் அவள் பக்கம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மடம் நடத்தும் பள்ளி, விடுதி எல்லாவற்றின் இணையதளங்களும் மடத்துச் சிஷ்யையான அவளுடைய பொறுப்பு. ‘இந்தத் தளத்தை நம்பலாம்’ என்று அவற்றுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தந்த நிறுவனம் காலையில் மின்னஞ்சல் அனுப்பியது. ‘சில சான்றிதழ்களைச் சரிபார்க்காமல் கொடுத்துவிட்டோம். எவை என்று தெரியவில்லை. ஆகவே கொடுத்தது எல்லாமே இன்று மாலையோடு செல்லாது. புதிதாக வாங்கிக்கொள்ளவும்.’

விடுதியில் இலவச இடம் கேட்டு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். சான்றிதழை மாற்றாவிட்டால், மாலைக்குப் பிறகு தளத்தைத் திறந்ததும் சிவப்பு எச்சரிக்கை வரும். பெற்றோர் பயந்து மூடிவிடுவார்கள். பிள்ளைக்கு இடம் போய்விடும்.

செங்கமலம் குருவிடம் போய் நின்றாள்.

“தப்பு அவங்களோடது, தண்டனை எனக்கா சாமி? நான் மாத்தப் போறதில்லை. பெத்தவங்களுக்குச் செய்தி எழுதிட்டேன், பாருங்க.”

குரு கைபேசியை வாங்கிப் படித்தார். ‘சிவப்பு எச்சரிக்கை வந்தால் கண்டுகொள்ளாமல் உள்ளே வாருங்கள்.’

“அனுப்பிட்டியா?”

“சாப்பிட்டுட்டு அனுப்பலாம்னு.”

“நல்லது. வா, பசிக்குது.”

பந்தியில் பரிமாறியாயிற்று. குரு ஒரு கேள்வி கேட்காமல் அந்த மடத்தில் யாரும் சோற்றில் கை வைப்பதில்லை.

“எல்லாம் மூடி வச்சிருந்துதா, தாண்டவம்?”

“மூடித்தான் இருந்துது சாமி” என்பார் சமையல்காரர். சாப்பாடு தொடங்கும்.

அன்று தாண்டவம் தலையைச் சொறிந்தார். “சாம்பாரை மட்டும் மறந்துட்டேன் சாமி. மேல உத்தரத்துல பல்லி வேற...”

செங்கமலம் துள்ளி எழுந்தாள். “யாரும் தொடாதீங்க! அண்டாவோட கொட்டுங்க!”

“பல்லி விழுந்ததைப் பாத்தியா?” என்றார் குரு.

“இல்லை.”

“உன் இலையில இருக்கா?”

“அது எப்படித் தெரியும்? தெரியாததாலதானே மொத்தத்தையும் கொட்டச் சொல்றேன்!”

“சரிதான். தாண்டவம், புது இலை போட்டு ரசத்தை ஊத்து.”

“முருங்கைக்காய் சாம்பாராச்சே” என்று கடைசி வரிசையில் யாரோ முனகினார்கள்.

செங்கமலம் உட்காரவில்லை. கைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தச் செய்தியை அழித்துவிட்டு, சாப்பிடாமலே கணினி அறைக்கு ஓடினாள்.

இருட்டுவதற்குள் எல்லாத் தளங்களுக்கும் புதுச் சான்றிதழ் ஏறிவிட்டது. எச்சரிக்கை இல்லை, விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஆனாலும் அவள் விடுகிறவளா?

“மாத்திட்டேன் சாமி. ஆனா ஒண்ணு. என் சான்றிதழ்ல ஒரு தப்பும் இல்லை. அதை நீங்க ஒத்துக்கணும்.”

அவளுக்காக மூடி வைத்திருந்த ரசம் சாதத்தைக் குரு நீட்டினார்.

“கொட்டுறப்போ சாம்பாரும் அதையேதான் சொல்லிச்சு.”