விராலும் கெண்டையும் ஒரே தொட்டியில்

ரொம்ப காலத்துக்கு முன்னே மாவிலந்தூர் என்ற நாட்டைச் சண்டப்பிரதாபன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அந்த நாட்டில் நெல்லும் விளைந்தது, புகழ்ச்சியும் விளைந்தது. நெல்லாவது சில வருஷம் பொய்க்கும். புகழ்ச்சிக்கு மட்டும் மூன்று போகம்.

ஒருநாள் கப்பல் வியாபாரி ஒருவன் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்தான். சபை நடுவே வைத்துத் தண்ணீர் ஊற்றியதும் ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. சமயம் பார்த்துச் சபைத் தலைவர் நவநீதராயர் எழுந்தார்.

"மகாராஜாவின் ஆட்சியில் புலியும் பசுவும் ஒரே துறையில் தண்ணீர் குடிப்பதாகப் புலவர்கள் பாடுகிறார்கள். இந்தத் தொட்டியில் விராலையும் கெண்டையையும் ஒன்றாக வாழவிட்டால் பௌர்ணமிக்கு வரும் பக்கத்து நாட்டு ராஜாவும் அதைக் கண்ணாலே பார்ப்பார்."

"பேஷ். யார் அதைச் செய்வது?"

"அரண்மனைக் குளத்து மீன்களைப் பார்த்துக்கொள்ளும் செம்பாயி இருக்கிறாளே."

ராயருக்குச் செம்பாயி மேல் பழைய காய்ச்சல். குளத்து மீனுக்கு அவர் அனுப்பிய தவிட்டில் பாதி மணல் என்று அவள் ஒருமுறை சபையிலேயே சலித்துக் காட்டியிருந்தாள்.

செம்பாயி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். "மகாராஜா, விரால் மற்ற மீனைத் தின்று பிழைக்கிற சாதி" என்றாள்.

"என் ஆட்சியிலுமா?" என்றான் ராஜா.

பௌர்ணமிக்குள் முடியாவிட்டால் அவள் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அவள் தயாராவதற்குள் ராயரே அவசரப்பட்டுப் பத்துச் சின்னக் கெண்டைகளையும் இரண்டு விரால்களையும் தொட்டியில் விட்டுவிட்டார். மறுநாள் காலையில் ஏழு கெண்டைகள்தான் இருந்தன.

"மூன்று எங்கே?" என்றான் ராஜா.

"மகாராஜாவின் புகழை வேறு குளங்களில் பரப்பப் புறப்பட்டிருக்கும்" என்றார் ராயர். எதற்கும் இருக்கட்டும் என்று, விரால் இனி கெண்டையைத் தின்னக் கூடாது என ஒரு சட்டம் எழுதி, தொட்டி முன்னால் பறையடித்து வாசிக்கவும் செய்தார். விரால் கண்ணாடியருகே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. 'விரால் ஒப்புக்கொண்டது' என்று கணக்கர் ஓலையில் எழுதிவைத்தார். மறுநாள் கெண்டைகள் இரண்டே இரண்டு.

ராஜாவின் கோபம் செம்பாயி பக்கம் திரும்பியது. அவள் கும்பிட்டுச் சொன்னாள்: "ஏழு நாள் கொடுங்கள் மகாராஜா. என் கையைத் தவிர வேறு கை தொட்டிக்குள் போகக் கூடாது."

தொட்டியைக் காலிசெய்தாள். ஆற்றுமணல் பரப்பி, தட்டைக் கற்களை அடுக்கி, வாய் உடைந்த பானைகள் இரண்டைக் கவிழ்க்காமல் படுக்கவைத்தாள். குளத்துத் தண்ணீரையே ஊற்றினாள். விரால் வாய்க்குள் நுழையாத அளவுக்குப் பெரிய கெண்டைகளாகப் பார்த்து எட்டை முதலில் விட்டு, இடம் பழகக் காத்திருந்தாள். பிறகுதான் விரால்களை, அதுவும் மண்புழுவைத் தின்று தின்று வயிறு புடைத்த பிறகு, உள்ளே விட்டாள்.

"வாய்க்கு அடங்காதவனோடு விரால் வம்பு வைத்துக்கொள்ளாது" என்றாள் புருஷன் மாரப்பனிடம்.

"அப்படியும் ஒருநாள் துரத்தினால்?"

"அதுக்குத்தான் பானை."

ஏழாம் நாள் எட்டுக் கெண்டையும் இருந்தன. ராஜா துள்ளிக் குதிக்காத குறைதான். செம்பாயிக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. ஆனால் ராயருக்குப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, அந்தக் கெண்டை பானைக்குள் ஒளிகிறதே, யாருக்குப் பயந்து? நம் ஆட்சியில் குடிகள் ஒளிந்து வாழ்வதாக வருகிறவர் நினைத்துவிட்டால்?"

ராஜாவின் முகம் கறுத்தது. "பானையையும் கல்லையும் வெளியே எடு" என்றான். மறுநாள் பௌர்ணமி.

ஒளிய இடமில்லாவிட்டால் ஒரு பொழுதில் கெண்டைகள் செதிலும் துடுப்பும் கிழிந்து மிதக்கும் என்று செம்பாயிக்குத் தெரியும். அவள் மெதுவாகச் சொன்னாள்: "எடுத்துவிடுகிறேன் மகாராஜா. ஆனால் மீனுக்கு ஒரு நியாயம், மனுஷருக்கு ஒரு நியாயம் என்றிருந்தால் வருகிறவர் சிரிப்பாரே. பயமில்லாத ஊரில் கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? முதலில் சபையோர் வீட்டுத் தாழ்ப்பாளும் பூட்டும் இங்கே வந்து சேரட்டும். வந்த நிமிஷமே பானையை எடுக்கிறேன்."

ராஜாவுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. "ஆகட்டும், இப்போதே கழற்றிவாருங்கள்" என்றான்.

சபையில் ஒருவருக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்தது. இன்னொருவர் தம் வீட்டுத் தாழ்ப்பாள் முப்பாட்டன் சொத்து, கழற்றினால் தோஷம் என்றார். சேனாதிபதி தூண் மறைவுக்கு நகர்ந்தார். ராயர் வேர்வையைத் துடைத்தபடி நின்றார்.

"உம் வீட்டில் எத்தனை பூட்டு?" என்று கேட்டான் ராஜா.

"ஏழு, மகாராஜா. சும்மா, காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்கிறது என்று."

"காற்றுக்கு ஏழு பூட்டா? உண்மையைச் சொல்லும். யாருக்குப் பயந்து பூட்டுகிறீர்?"

ராயர் ஒருமுறை சபையைச் சுற்றிப் பார்த்தார். பயத்தில் உண்மை வாய்தவறி வந்துவிட்டது. "இவர்களுக்குத்தான், மகாராஜா."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "செம்பாயி, என் அறை வாசலில் நாற்பது பேர் காவல் நிற்கிறார்கள்."

"தெரியும், மகாராஜா."

"அப்படியானால் நான் கெண்டையா, விராலா?"

"அது மகாராஜாவுக்குப் பசிக்கிற நேரத்தைப் பொறுத்தது."

ராஜா எழுந்து தொட்டியருகே போனான். பிறகு, "பானை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்" என்றான்.

மறுநாள் வந்த பக்கத்து நாட்டு ராஜா தொட்டி முன்னால் அரைநாள் உட்கார்ந்துவிட்டார். "இது யார் செய்த ஏற்பாடு?" என்று கேட்டார். சண்டப்பிரதாபன், "நான்தான்" என்று தொடங்கி, ஒரு தரம் இருமி, "செம்பாயி" என்றான். அவளுக்குக் குளத்தோடு குளத்தங்கரை நஞ்சையும் சேர்த்து எழுதிவைத்தான்.

ராயருக்கும் ஒரு வேலை கிடைத்தது. விரால்களுக்குத் தினமும் விடிந்ததும் மண்புழு தோண்டிக் கொடுக்க வேண்டும். அளவு பார்ப்பது செம்பாயி. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாழைத்தோப்பில் குந்தியிருப்பவரைப் பார்த்து யாராவது விசாரித்தால், ராஜாங்க ரகசியம் என்பார். அந்த வருஷம் அவர் கொத்திக் கிளறிய தோப்பில் வாழை குலை தள்ளியது போல வேறெங்கும் தள்ளவில்லையாம்.